வீசிங்குக்கு மாத்திரையா, ஊசியா? முதலில் செல்லைப் பாருங்கள்

வீசிங்குக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு ஒருவருக்குக் கேட்குமா என்பதை அவருடைய சளியே பெரும்பாலும் சொல்லிவிடும். இங்கிலாந்தின் டெர்பி நகரில் ஹாரி மாரோ பிரவுன் என்ற மருத்துவர், ஆஸ்துமா நோயாளிகளின் சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, 1958-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் நிறைய இருந்தவர்களுக்குப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை நன்றாக வேலை செய்தது. இல்லாதவர்களுக்குப் பெரிய பலன் இல்லை. சாயம் ஏற்றினால் அந்த அணுக்களுக்குள் சிவப்புத் துகள்கள் மணிமணியாகத் தெரியும், தப்பவே தப்பாது.

காரணம் பிறகுதான் புரிந்தது. ஸ்டீராய்டு செல்லுக்குள் போய், அழற்சியைத் தூண்டும் ஜீன்களை அடக்குகிறது. டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் சுரக்கும் ஐ.எல்.-5 என்ற புரதம் குறைகிறது. ஈசினோஃபிலுக்கு அதுதான் சோறு. அது நின்றால் சாக வேண்டியதுதான். போதாததற்கு, ஸ்டீராய்டு நேரடியாகவும் அதைச் சாவுக்குத் தள்ளுகிறது. நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளை அணு விஷயத்தில் எல்லாம் தலைகீழ்: ஸ்டீராய்டு பட்டால் அதன் ஆயுள் கூடுகிறது, ரத்தத்தில் எண்ணிக்கையும் ஏறுகிறது. அதனால்தான் மாத்திரை சாப்பிடுபவரின் ரத்த ரிப்போர்ட்டில் வெள்ளை அணு கூடியிருந்தால் கிருமித் தொற்று என்று உடனே முடிவு கட்டக்கூடாது.

ஊசி வேறு வழியில் போகிறது. மெபோலிசுமாப் என்ற ஊசி மருந்து ஐ.எல்.-5-ஐயே பிடித்துக்கொள்கிறது. பென்ராலிசுமாப் என்ற இன்னொன்று ஈசினோஃபிலின் மேல் போய் ஒட்டிக்கொள்ள, உடலின் காவல் செல்களான என்.கே. செல்கள் வந்து அதைக் கொல்கின்றன. ரத்தத்தில் ஈசினோஃபில் கிட்டத்தட்ட பூஜ்யமாகிவிடும். மற்ற செல்களை இவை அவ்வளவாகச் சீண்டுவதில்லை. மாத்திரையோ எல்லாவற்றிலும் கைவைக்கும். சர்க்கரை ஏறுவதும் எலும்பு தேய்வதும் அதனால்தான்.

நேருக்கு நேர் மோதிய சோதனையும் உண்டு. பிரிட்டனில் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், ஈசினோஃபில் கூடி ஆஸ்துமாவோ சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ திடீரென முற்றிய 158 பேர் இருந்தார்கள். ஒரு பக்கம் 5 நாள், தினம் 30 மி.கி. பிரெட்னிசலோன், இன்னொரு பக்கம் ஒரே ஒரு பென்ராலிசுமாப் ஊசி, அதில் சிலருக்கு மாத்திரையும் சேர்த்து. 90 நாளில் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 74 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தோற்றது. ஊசி போட்டவர்களில் 45 சதவீதம். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் ஊசி போட்டும் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்குத் தோற்றிருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது.

இன்ஹேலரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதே வகை ஸ்டீராய்டு, மிகச் சிறிய அளவில், நேராக மூச்சுக்குழாய்க்கு. அடித்ததும் வாயைக் கொப்பளித்தால் போதும். தினசரிக்கு அதுதான், என் கணக்கில் போட்டியே இல்லை. ஊசியைப் பற்றி யோசிப்பது இன்ஹேலரை ஒழுங்காக அடித்தும் அடங்காதவர்களுக்கு. மூச்சு முட்டும்போது மாத்திரையைத் தள்ளிப்போடவும் கூடாது.

ஊசி பொருந்துமா என்று பார்க்க ரத்தத்தில் ஈசினோஃபிலை எண்ணும் ஏ.இ.சி. டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். முடிந்தால் மாத்திரை தொடங்குமுன் எடுத்துவிடுங்கள். பிரெட்னிசலோன் உள்ளே போன சில மணி நேரத்திலேயே எண்ணிக்கை சரிந்துவிடும். அப்புறம் எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்து, உங்களுக்கு ஊசி தேவையில்லை என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு.

சளியில் நியூட்ரோஃபில் மட்டுமே இருப்பவர்களுக்கு இந்தப் போட்டியில் இரண்டு பக்கமும் பெரிதாக உதவாது. அவர் புகைபிடிப்பவரா என்று முதலில் கேட்க வேண்டும். புகை ஸ்டீராய்டின் வேலையையே மழுங்கடிக்கும்.