சர்நேம் வரலாற்றுச் சுருள் வாங்கலாமா? என்னோட 35 பவுண்டு அனுபவம்

இங்கிலாந்துல டூரிஸ்ட் கூட்டம் அலைமோதுற ஊர்ல இந்த ஸ்டால கண்டிப்பா பாத்திருப்பீங்க. டீத்தண்ணியில முக்கி எடுத்த மாதிரி ஒரு பழுப்பு பேப்பர், மேல ஒரு கேடயம், கேடயத்துக்கு மேல இரும்புத் தொப்பி, கீழ "உங்கள் குடும்பப்பேரின் வரலாறு"ன்னு சுழிச்சு சுழிச்சு எழுத்து. ஸ்மித், ஜோன்ஸ், டெய்லர் எல்லாம் ரெடிமேடா வரிசையா கம்பியில தொங்கும். கொஞ்சம் அபூர்வமான பேர்னா லேப்டாப்புல தட்டிப் பாத்து அங்கயே பிரின்ட் போட்டுத் தருவாங்க. சுருள் 20 பவுண்டு, ஃபிரேம் 15 பவுண்டு. நான் வாங்கினேன், அனுபவிச்சேன், அதான் எழுதுறேன். கடை பேரப் போடல, இந்த சரக்கு எங்க வாங்கினாலும் லட்சணம் கிட்டத்தட்ட இதேதான்னு அப்புறமா தெரிஞ்சுக்கிட்டேன்.

நான் லங்காஷயர்ல ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ். எங்க வார்டு சிஸ்டர் ரிட்டயர் ஆறாங்க, எல்லாரும் காசு போட்டாச்சு, கிஃப்ட் வாங்குற வேலை மட்டும் வழக்கம்போல என் தலையில. அவங்க சர்நேம் பர்ட்விஸில். முப்பது பேர் இருக்குற எங்க ஃப்ளோர்ல ஸ்மித் மட்டும் மூணு பேர், பர்ட்விஸில் இவங்க ஒருத்தர்தான். வந்த புதுசுல அந்தப் பேர நான் நடுவுல இருக்கிற ட சத்தத்தையும் சேத்து "பர்ட்விஸ்டில்"னு கூப்பிட்டு வார்டே சிரிச்சது, எழுத்துல இருக்கும் ஆனா சொல்லக் கூடாதாம், காஸில் விஸில் மாதிரி. அதனால இந்தப் பேர் மேல எனக்கு ஒரு தனி பாசம். அபூர்வமான பேராச்சே, சுருள் நல்லா இருக்கும்னு நானே ஐடியா குடுத்தேன். என் வாய் சும்மா இருக்காது.

ஸ்டால்ல இருந்த தம்பி பேரத் தட்டினாரு, ஏதோ வந்துச்சு, பிரின்ட் எடுத்தாரு, ஃபிரேம்ல போட்டாரு, நானும் கார்டத் தட்டிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து லைட்டுக்குக் கீழ வச்சு நிதானமா படிச்சப்பதான் வயித்தக் கலக்குச்சு.

முதல் தப்பு ஸ்பெல்லிங். தமிழ்ல எழுதினா தெரியாது, இங்கிலீஷ்ல சிஸ்டரோட பேர்ல டபிள்யூக்கு அப்புறம் நேரா ஐ. சுருள்ல டபிள்யூக்கும் ஐக்கும் நடுவுல ஒரு ஹெச் நுழைஞ்சு உக்காந்திருக்கு, அதாவது நிஜமாவே ஊதுற விஸில் மாதிரி. ரிட்டயர்மென்ட் கிஃப்ட்ல ஆளோட பேரையே தப்பா போட்டுக் குடுத்தா எப்படி இருக்கும் சொல்லுங்க.

ரெண்டாவது, அர்த்தம். "பறவைகளைப் போல விசிலடித்து அவற்றைப் பிடித்தவர்களின் பரம்பரை"ன்னு ஒரு பாரா. படிக்க அழகாத்தான் இருக்கு. அடுத்த பாராவுல 1066ல பிரான்ஸ் பக்கமிருந்து வந்து இங்கிலாந்த ஜெயிச்ச வில்லியமோட கப்பல்ல வந்து இறங்கின நார்மன் வீரர்னு போட்டிருக்கு. பறவை பிடிக்கிறவரா, குதிரை வீரரா, முதல்ல அத முடிவு பண்ணுங்கப்பா. மூணாவது அந்தக் கேடயம், அதுக்கு அப்புறம் வரேன்.

மறுநாள் லீவு, லைப்ரரிக்குப் போய் உக்காந்துட்டேன். இங்க பிரிட்டன், அயர்லாந்து குடும்பப்பேர்களுக்குன்னே ஆக்ஸ்போர்டு 2016ல ஒரு பெரிய அகராதி போட்டிருக்கு, நாலு வால்யூம். இப்போ நூறு பேருக்கு மேல வச்சிருக்குற பேர் எல்லாம் அதுல உண்டு, 1881 சென்சஸ்ல இருபது பேருக்கு மேல இருந்த பேரும் உண்டு, அதனால அபூர்வமான பேர்க்காரங்களுக்கும் பெரும்பாலும் ஏமாற்றம் இருக்காது. காசு குடுத்து வாங்குற விலை இல்ல அது. ஆனா பல ஊர் கவுன்சில் லைப்ரரி கார்டு நம்பர வச்சு வீட்ல இருந்தே ஆன்லைன்ல பாத்துக்கலாம், பைசா செலவில்ல. இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஸ்டால் பக்கமே போயிருக்க மாட்டேன்.

சரி விஷயத்துக்கு வரேன். பர்ட்விஸில்ங்கறது ஒரு ஊர்ப்பேர். லங்காஷயர்லயே பேடியம் பக்கத்துல இருந்த ஊர், இப்போ அந்த ஊர் இல்ல, பேர் மட்டும்தான் மிச்சம். பேருக்குள்ள ரெண்டு பழைய இங்கிலீஷ் வார்த்தை இருக்கு. முன் பாதி "பிரிட்", அப்படின்னா பறவைக்குஞ்சு. பின் பாதி "ட்விஸ்லா", ரெண்டு நீரோட்டம் வந்து சேர்ற இடம், நாம கூடல்னு சொல்றோமே அதேதான். ஆக பறவைக்குஞ்சுங்க இருக்குற கூடல். விசிலும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. விஸ்லா விஸில் மாதிரி கேக்குதேன்னு பின்னாடி வந்தவங்க யாரோ ஒரு ஹெச்ச சொருகிட்டாங்க, முன்னாடி பேர்டு வேற இருக்கா, கதை தானா ஜோடிச்சுக்கிச்சு. ஹெச் வச்சு எழுதுற குடும்பங்களும் நிஜமா இருக்கு, ஒரே பேரோட கிளைதான் அது, ஆனா சுருள் அந்த ஹெச்ச நம்பி கதை முழுசையும் கட்டிருச்சு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த "பிரிட்" சமாச்சாரம். ஆதியில பிரிட்னா குஞ்சுப் பறவை மட்டும்தான், பெரிய பறவைக்கு வேற வார்த்தை, அதுதான் இன்னைக்கு ஃபவுல்னு ஆகி கோழி வாத்தோட நின்னுபோச்சு. குஞ்சுக்கு இருந்த வார்த்தை வளர்ந்து மொத்தப் பறவைக்கும் ஆயிருச்சு. அதோட எழுத்தும் இடம் மாறிருச்சு, பிரிட்ல முன்னாடி இருந்த ர பின்னாடி போய் பேர்டு. நம்மூர்ல தசை சதை ஆச்சே, குதிரைய குருதைன்னு சொல்றோமே, அதே வேலைதான். ஸ்கூல்ல இலக்கணப்போலின்னு மனப்பாடம் பண்ணினது லங்காஷயர் ஆஸ்பத்திரி கேன்டீன்ல உக்காந்து ஞாபகம் வரும்னு யாருக்குத் தெரியும்.

இந்த ட்விஸ்லா ஒத்தைப் பேரும் இல்ல. ஆக்ரிங்டன் பக்கத்துல ஆஸ்வால்ட்விஸில்னு ஒரு ஊர் இன்னைக்கும் இருக்கு, ஆஸ்வால்டோட கூடல். போல்டன் பக்கம் என்ட்விஸில், அதுலயும் ஏதோ நீர்ப்பறவைதான் ஒளிஞ்சிருக்குன்னு சொல்றாங்க, என்ட்விஸில்னு சர்நேமும் உண்டு. கொஞ்சம் தள்ளி டின்ட்விஸில், உள்ளூர்க்காரங்க வாயில அது சுருங்கி டின்ஸில் ஆயிடும். இந்தப் பேர் எல்லாம் இந்த ஒரு வட்டாரத்துல கொத்தா இருக்குறதப் பாத்தாலே நார்மன் கப்பல் கதை புஸ்ஸுன்னு போயிடுது.

ஊர்ப்பேர் சர்நேமா வர்றதுல ஒரு வேடிக்கை இருக்கு. ஊருக்குள்ள இருக்கிறவரைக்கும் யாரும் உங்கள ஊர்ப்பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, ஏன்னா அங்க எல்லாருமே அந்த ஊர்தான். வெளிய போனாத்தான் "அந்த ஊர்க்காரர்"னு ஒட்டும். அப்ப இந்தப் பேர் ஒட்டின முதல் ஆள் ஊர விட்டுக் கிளம்பினவரா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ரொம்ப தூரமும் போகல, பக்கத்து ஊர்ல போய் உக்காந்திருப்பாரு, அங்க இருக்கிறவங்களுக்கு பர்ட்விஸில் எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தானே அந்தப் பேர சொல்லிக் கூப்பிட முடியும்.

எவ்வளவு பரவியிருக்குன்னு பாக்குறதுக்கும் இலவச வழி இருக்கு. இங்க பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் 1837 ஜூலைல இருந்து சிவில் ரெஜிஸ்டர்ல இருக்கு, அந்த இண்டெக்ஸ தன்னார்வலர்கள் உக்காந்து தட்டித் தட்டி ஃப்ரீபிஎம்டின்னு சைட்டுல ஏத்தி வச்சிருக்காங்க. நான் பேரப் போட்டுத் தேடினேன், ஸ்க்ரோல் பண்ணப் பண்ண ஹேஸ்லிங்டன், பர்ன்லி, பிளாக்பர்ன், மறுபடி ஹேஸ்லிங்டன், மறுபடி பர்ன்லி. பக்கத்துல அந்த வட்டாரத்துக்கான வால்யூம் நம்பர் 8ஈ, 8ஈ, 8ஈன்னு கண்ணு வலிக்கிற வரைக்கும். ஆக்ரிங்டன் அந்தக் காலத்துல ஹேஸ்லிங்டன் மாவட்டத்துல சேர்த்தி, பேடியம் பர்ன்லியில. அதாவது பேர் பொறந்த இடத்துல இருந்து பெரும்பாலானவங்க பஸ் தூரத்தத் தாண்டல. பஞ்சாலை வேலையே வீட்டு வாசல்ல இருக்கும்போது ஏன் தாண்டப் போறாங்க. 1881 சென்சஸ வச்சுப் போட்ட சர்நேம் மேப்லயும் அதே கதை, லங்காஷயர் மட்டும் அடர்த்தியா, மிச்ச நாடு வெளிறிப் போய்.

இன்னைக்குத் தெரிஞ்ச முகங்களும் அப்படித்தான். இசையமைப்பாளர் ஹாரிசன் பர்ட்விஸில், 2022ல இறந்தாரே, அவர் 1934ல பொறந்தது ஆக்ரிங்டன். 2010ல இருந்து 2015 வரைக்கும் பர்ன்லிக்கு எம்பியா இருந்தவர் கார்டன் பர்ட்விஸில். காணாமப்போன ஊருக்குப் பக்கத்துத் தொகுதிக்கே அந்த ஊர்ப்பேர்க்காரர் எம்பி ஆகியிருக்காரு. இத சுருள்ல போட்டிருந்தா 20 பவுண்டு குடுத்ததுக்கு மனசு ஆறியிருக்கும்.

இப்ப கேடயம். ஒரு சர்நேமுக்குன்னு கேடயச் சின்னம் கிடையவே கிடையாது, இத லண்டன்ல இருக்குற காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸே தெளிவா சொல்லுது. 1484ல மூணாம் ரிச்சர்ட் ராஜா பட்டயம் குடுத்த அமைப்பு அது, இந்தச் சின்னங்களுக்கெல்லாம் இன்னைக்கும் அவங்கதான் பொறுப்பு. சின்னம் குடுக்குறது ஒரு தனி ஆளுக்கு, அப்புறம் அவரோட ஆண்வழி வாரிசுக்கு, அவ்வளவுதான். அதே சர்நேம் இருக்குற வேற குடும்பத்துக்காரர் அத மாட்டினா அடுத்த வீட்டுப் பத்திரத்த நம்ம வீட்டு ஹால்ல மாட்டி வச்ச மாதிரி. இந்த சுருள்ல இருந்த சின்னம் யாரோடதுன்னு நான் தேடக்கூட இல்ல, உத்துப் பாத்தா இங்க்ஜெட் புள்ளி புள்ளியா தெரிஞ்சது, கீழ இருந்த அரக்கு முத்திரை நகத்தால சுரண்டினதும் உரிஞ்சு வந்துருச்சு. ஸ்டிக்கர்!

திருப்பிக் குடுக்கப் போனேன். "பேர் போட்டு செஞ்ச பொருள், ரிட்டர்ன் கிடையாது"ன்னு தம்பி ஆரம்பிச்சாரு. மனசு மாறிருச்சுன்னு வந்தா அந்தப் பேச்சு சரிதான், ஆனா நான் சொன்ன ஸ்பெல்லிங் வேற, நீங்க குடுத்தது வேற, 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி சொன்னபடி இல்லாத பொருள 30 நாளைக்குள்ள திருப்பலாம்னு பில்லுல அவரே எழுதின பேரக் காட்டினேன். அவங்க டேட்டாபேஸ்ல ஹெச் வச்ச பேர் மட்டும்தான் இருந்துச்சாம், "ரெண்டும் ஒண்ணுதானே அக்கா"ங்கற தொனியில ஒரு சிரிப்பு. கால் மணி நேரம் நின்னேன். சுருள் காசு 20 பவுண்டும் வந்துச்சு. ஃபிரேம நானே வச்சுக்கிட்டேன், ஏன்னா நியாயமா சொல்லணும்னா ஃபிரேம் நல்ல ஃபிரேம், ஓக் மரம், கண்ணாடி நிஜக் கண்ணாடி.

அந்த ஃபிரேம்ல போடுறதுக்கு நானே ஒரு பக்கம் தயார் பண்ணினேன். நடுவுல ஸ்பெல்லிங் சரியா சிஸ்டர் பேர், அதுக்குக் கீழ பேடியம் பக்கத்துல ஒரு புள்ளி வச்ச சின்ன மேப், "பறவைக்குஞ்சுகளின் கூடல்"னு இங்கிலீஷ்ல ஒரு வரி. வரையத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி எங்க வார்டுல இருக்கா, அவ ஓரத்துல ரெண்டு ஓடை சேர்ற மாதிரியும் ஒரு குஞ்சு வாயப் பொளந்துட்டு நிக்கிற மாதிரியும் பேனாவுல போட்டுக் குடுத்தா. காகிதம், பிரின்ட் எல்லாம் சேத்து 2 பவுண்டு கூட ஆகல.

ரேட்டிங்னு கேட்டீங்கன்னா சுருளுக்கு அஞ்சுக்கு ஒண்ணு, அதுவும் தூரத்துல இருந்து பாக்க அழகா இருந்ததுக்கு. ஃபிரேமுக்கு நாலு. ஆக்ஸ்போர்டு அகராதிக்கும் ஃப்ரீபிஎம்டிக்கும் அஞ்சுக்கு அஞ்சு, பின்னதுல பழைய கையெழுத்தப் படிச்சு ஏத்தினதுல அங்கங்க எழுத்துப் பிழை இருக்கும், ஸ்பெல்லிங்க மாத்தி மாத்திப் போட்டுத் தேடிக்கணும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை கேக் வெட்டி முடிச்சு ஃபிரேம குடுத்தோம். சிஸ்டர் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒரு வரி விடாம படிச்சாங்க, குஞ்சப் பாத்து சிரிச்சாங்க, கண்ணு கூட கலங்கிருச்சு. அப்புறம் என் கையப் பிடிச்சுக்கிட்டு சொன்னாங்க, "இத பாத்தா எங்க வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியாது, இது அவர் பேராச்சே. நான் பொறந்தது ஸ்மித்."