ரியாக்‌ஷன் டைம் பயிற்சி: இரண்டரை வருடத்தில் எனக்குக் கிடைத்த 18 மில்லி விநாடி

பையன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், "அம்மா, இதைக் கொஞ்சம் பண்ணிப் பாரேன்" என்று என் போனில் ஒரு சோதனையைத் திறந்து கொடுத்தான். திரை சிவப்பாக இருக்கும், பச்சையானதும் தட்ட வேண்டும். அவ்வளவுதான். ஐந்து முறை தட்டினேன். சராசரி 312 மில்லி விநாடி. அவன் தன் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்திருந்தது 187. "நீ ரொம்ப ஸ்லோம்மா. உன்னை நம்பி ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து வர்றேன் பாரு" என்றான்.

எனக்கு அப்போது 41 வயது. கோவையில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு உள்ளரங்கம் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு அங்கே ஷட்டில் ஆடப் போக ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. டபுள்ஸில் என் பக்கம் வரும் ஸ்மாஷ் எல்லாம் நான் ராக்கெட்டைத் தூக்குவதற்குள் தரையில் கிடக்கும். ஆக, எனக்கு ரிஃப்ளெக்ஸ் போதவில்லை, பழகிக்கொண்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அன்று ராத்திரியே ஒரு கோடு போட்ட நோட்டில் தேதியும் எண்ணும் எழுத ஆரம்பித்தேன். இரண்டரை வருடமாக எழுதுகிறேன். கீழே வரும் எண்கள் எல்லாம் அந்த நோட்டில் இருப்பவை.

முதலில் ஒரு வார்த்தைத் தகராறு. நாம் ரிஃப்ளெக்ஸ் என்று சொல்வது பெரும்பாலும் ரிஃப்ளெக்ஸே இல்லை. டாக்டர் முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் துள்ளுகிறதே, அது ரிஃப்ளெக்ஸ். மூளையைக் கேட்காமல் முதுகுத்தண்டோடு முடிந்துவிடும் அனிச்சைச் செயல். பச்சையைப் பார்த்துத் தட்டுவதில் கண், மூளை, கை மூன்றுக்கும் வேலை இருக்கிறது. அனிச்சையைப் பழக்கவே முடியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனால் ஜோனதன் வோல்பா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களில் குரங்குகளின் முதுகுத்தண்டு அனிச்சையைப் பரிசு கொடுத்தே மாற்றிக் காட்டியிருக்கிறார். பிறகு மனிதர்களிடமும் செய்திருக்கிறார்கள். வாரக்கணக்கில் ஆகிற வேலை. அதிலும் மாறுவது அனிச்சையின் பலம்தான், வேகம் இல்லை. எனக்கு அது உதவாது.

சரி, என் எண்ணுக்கு வருகிறேன். மூன்றாவது வாரம் 312 என்பது 259 ஆகிவிட்டது. தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது, அன்று போனை விட்டுவிட்டுப் பையனுடைய கேமிங் மானிட்டரில், ஒயர் வைத்த மவுஸில் தட்டியிருந்தேன். உடனே போனை எடுத்துத் தட்டினால் 305. லேப்டாப் டச்பேடில் 284. ஒரே மதியம், ஒரே விரல், மூன்று எண்கள். சாதாரணத் திரை விநாடிக்கு 60 முறைதான் படத்தைப் புதுப்பிக்கும். அதாவது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் கிட்டத்தட்ட 17 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அது 7. இதற்கு மேல் தொடுதிரை நம் விரலை உணர எடுக்கும் நேரம், மென்பொருள் எடுக்கும் நேரம் எல்லாம் என் கணக்கில் ஏறுகிறது. ஒருநாள் காதால் கேட்டுத் தட்டும் சோதனையை ப்ளூடூத் இயர்போனில் செய்தேன். 400ஐத் தாண்டியது. காது டாக்டரிடம் போகாத குறை. ஒயர் இயர்போன் மாட்டியதும் 215க்கு வந்துவிட்டது. அதனால் யாராவது ஒரே வாரத்தில் 50 மில்லி விநாடி குறைத்தேன் என்று சொன்னால், மவுஸ் மாற்றினீர்களா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

அன்றிலிருந்து ஒரே மானிட்டர், ஒரே மவுஸ். 259இலிருந்து புதுக்கணக்கு. தினமும் பத்து நிமிடம். மூன்று மாதத்தில் 243 ஆனது. அதிலும் பெரும்பகுதி, விரலை எங்கே வைப்பது, எப்போது மூச்சுவிடுவது என்று அந்தச் சோதனைக்கே நான் பழகிக்கொண்டதுதான் என்று சந்தேகம். அதற்குப் பிறகு எண் அசையவில்லை. இன்று காலை 241, ஆக மொத்தம் குறைந்தது 18. நடுவில் ஒரு மாதம் விட்டுவிட்டேன், 250க்கு ஏறியது. மூன்று நாளில் பழைய இடத்துக்கு வந்தது. வெளிச்சத்தைப் பார்த்துச் செய்யும் இந்த எளிய எதிர்வினை பெரும்பாலானவர்களுக்கு 200இலிருந்து 250 மில்லி விநாடிக்குள் இருக்கும். ஒலிக்கு அதைவிட முப்பது நாற்பது குறைவு. விழித்திரைக்குள் ஒளி நரம்புச் செய்தியாக மாறுவது ஒரு ரசாயன வேலை, காதில் அதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. இருபதுகளின் நடுவிலிருந்தே இந்த வேகம் மெல்ல மெல்லக் குறையத் தொடங்கும் என்பதால், பையனோடு போட்டி போடும் எண்ணத்தை அப்போதே மூட்டை கட்டிவிட்டேன்.

எண் கீழே வரத்தான் பயிற்சி வேண்டியிருந்தது, மேலே ஏறுவதற்கு ஒன்றுமே தேவைப்படவில்லை. மாமியாருக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது நாலு ராத்திரி ஆஸ்பத்திரி நாற்காலியில் கழிந்தது. ஐந்தாம் நாள் சராசரி 296. இருபது தட்டில் இரண்டு 500ஐத் தாண்டின. தூக்கத்தை ஆராய்கிறவர்கள் இதே மாதிரி ஒரு பத்து நிமிடச் சோதனையைத்தான் பயன்படுத்துகிறார்கள். டேவிட் டிஞ்சஸ் குழு 1985இல் கொண்டுவந்தது. 500 மில்லி விநாடியைத் தாண்டினால் அந்த இடத்தில் கவனம் அறுந்துவிட்டது என்று கணக்கு. அதே டிஞ்சஸ் பங்கெடுத்த 2003ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், இரண்டு வாரம் தொடர்ந்து ஆறு மணி நேரமே தூங்கியவர்கள், ஓரிரு இரவு முழுக்கக் கண்விழித்தவர்கள் அளவுக்குத் தடுமாறினார்கள். தாங்கள் அப்படித் தடுமாறுகிறோம் என்பதே அவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மூன்று மாதம் பயின்று நான் சம்பாதித்தது 16. நாலு ராத்திரியில் விட்டது 53. (ஃபில்டர் காபிக்குப் பிறகு ஏழெட்டு குறைகிறது என்றும் நோட்டில் இருக்கிறது. அதற்காகவா காபி குடிக்கிறோம்?)

வாங்கிய பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு புடைப்புகள் உள்ள ரப்பர் பந்து, முன்னூறு ரூபாய். சுவரில் எறிந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. ஆறு மாதத்தில் அந்தப் பந்தைப் பிடிப்பதில் கெட்டிக்காரியாகிவிட்டேன், வேறு எதிலும் இல்லை. தொட்டால் அணையும் ஆறு விளக்குகள் கொண்ட செட், ஒன்பதாயிரம் ரூபாய். கால் அசைவுக்கு நல்ல உடற்பயிற்சி, குழந்தைகள் வந்தால் கும்மாளம். ஐந்தாம் மாதம் ஒரு விளக்கு உயிரை விட்டது. விற்றவர் இன்றுவரை பதில் போடவில்லை. மூளையைக் கூர்மையாக்கும் செயலி ஒன்றுக்கு ஒரு வருடச் சந்தா கட்டினேன். செயலியின் விளையாட்டுகளில் என் மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது, நோட்டில் இருந்த எண் இருந்த இடத்திலேயே இருந்தது. லுமோசிட்டி என்ற புகழ்பெற்ற செயலியின் நிறுவனம், ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கில் 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டியது. இதைச் சந்தா கட்டிய பிறகுதான் படித்தேன்.

இவ்வளவு செலவழித்தும், உருப்படியாக ஒன்றைக் கற்றுக்கொடுத்தது பையனுடைய ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல்தான்.

பள்ளியிலேயே பலரும் செய்திருப்பீர்கள். ஒருவர் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு சொல்லாமல் விடுவார். கீழே விரலை விரித்து வைத்திருப்பவர் பிடிக்க வேண்டும். எத்தனை சென்டிமீட்டரில் பிடித்தோம் என்பதிலிருந்து நேரம் தெரிந்துவிடும். 20 சென்டிமீட்டர் என்றால் 0.2 விநாடி. மானிட்டர், மவுஸ், சார்ஜர் எதுவும் வேண்டாம், ஈர்ப்புவிசைக்கு அப்டேட்டும் வராது. எனக்கு வழக்கமாக 21, 22 வரும். ஒருநாள் மாலை திடீரென்று 11இல் பிடித்தேன். 0.15 விநாடி. அடுத்தது 12. அடுத்தது மறுபடி 11. பையனுக்கு நம்பிக்கை வரவில்லை, எனக்கும்தான். யோசித்தால், நான் ஸ்கேலைப் பார்க்கவே இல்லை. அவன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடுவதற்கு ஒரு கணம் முன்னால் அவன் நகத்தின் நிறம் மாறுகிறது. அழுத்தம் தளர்ந்ததும் வெளுப்புப் போய்ச் சிவக்கிறது. "இது சீட்டிங்!" என்று கத்தினான். கையைத் துணியால் மூடிக்கொண்டு விட்டான். மறுபடி 21.

மறுநாள் காலை கோர்ட்டில் நின்றபோது இதே நினைப்பு. அங்கே அறுபதைத் தாண்டிய ஒரு அண்ணன் ஆடுவார், முழங்காலுக்கு உறை போட்டுக்கொண்டு. அவர் ஓடி நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஸ்மாஷ் எங்கே வருகிறதோ அங்கே அவர் ராக்கெட் இருக்கும். எப்படி என்று கேட்டேன். "அம்மிணி, நீங்க கார்க்கப் பாக்கறீங்க. நான் அடிக்கறவன் கையப் பாக்கறேனுங்க" என்றார். ஒரு வருடமாக என் பக்கத்திலேயே நின்று சீட்டிங் செய்துகொண்டிருந்திருக்கிறார்!

பிறகு தேடிப் பார்த்தால், ஷட்டிலை வைத்தே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1987இல் புரூஸ் ஆபர்நெதியும் டேவிட் ரஸ்ஸலும், அடிக்கும் காட்சியைப் படமாக்கி, கார்க் கிளம்பும் நேரத்தில் நிறுத்தியும் உடம்பின் சில பாகங்களை மறைத்தும் காட்டி, எங்கே விழும் என்று கேட்டார்கள். புதியவர்களுக்கு ராக்கெட்டிலிருந்து மட்டும்தான் தகவல் கிடைத்தது. தேர்ந்தவர்கள் அதற்கு முன்பே, ராக்கெட் பிடித்த கையிலிருந்தே படித்துவிட்டார்கள். அதே 1987இல் பீட்டர் மெக்லியோட் கிரிக்கெட் வீரர்களை வைத்துச் செய்தது இன்னும் சுவாரசியம். பந்து தரையில் பட்டு எதிர்பாராமல் திசை மாறும்படி ஆடுகளத்தில் குச்சிகளைப் பதித்துவிட்டார். அந்தத் திடீர்த் திருப்பத்துக்கு மட்டையை மாற்றிக்கொள்ள, சர்வதேச ஆட்டக்காரர்களுக்கும் நம்மைப் போலவே கிட்டத்தட்ட 200 மில்லி விநாடி ஆனது. 140 கிலோமீட்டர் வேகப் பந்து மட்டைக்கு வர அரை விநாடிகூட ஆகாது. அதில் இவ்வளவு நேரம் பார்ப்பதிலேயே போய்விடுகிறது. மிச்ச நேரத்தில் அவர்கள் நிதானமாக ஆடுவதுபோல நமக்குத் தோன்றுகிறது என்றால், பந்து கையை விட்டுக் கிளம்பும்போதே பாதி வேலையை முடித்துவிடுகிறார்கள்.

ஓட்டப்பந்தயத்தில் மட்டும் இந்த வித்தைக்கு இடமில்லை. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பின் 0.1 விநாடிக்குள் கிளம்பினால், கேட்டுக் கிளம்பவில்லை, ஊகித்துக் கிளம்பினாய் என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். 2022 யூஜீன் உலகத் தடகளப் போட்டியில் அமெரிக்க வீரர் டெவன் ஆலனின் நேரம் 0.099. ஒரு மில்லி விநாடியில் தடை ஓட்ட இறுதிப்போட்டி கைவிட்டுப் போனது. உசைன் போல்ட் நூறு மீட்டரை 9.58 விநாடியில் ஓடிய 2009 பெர்லின் ஓட்டத்தில்கூட அவர் கிளம்ப எடுத்தது 0.146.

இன்னொன்றையும் நோட்டில் கவனித்தேன். பச்சை என்றால் இடது பட்டன், நீலம் என்றால் வலது என்று தேர்ந்தெடுக்கும் சோதனையில் எனக்கு முதலில் 430 வந்தது. இப்போது 345. அதே மானிட்டர், அதே மவுஸ். டச்சு மருத்துவர் டோண்டர்ஸ் 1868இலேயே இப்படித் தேர்ந்தெடுக்கும் நேரத்திலிருந்து வெறுமனே தட்டும் நேரத்தைக் கழித்துப் பார்த்து, மிச்சம் வருவது முடிவெடுக்கும் நேரம் என்றார். என் 18 மில்லி விநாடியை வைத்துக்கொண்டு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 20 சென்டிமீட்டர் முன்னால் பிரேக் பிடிப்பேன், ஒரு ஜாண். ஆனால் ஓரமாக நிற்கும் காரின் முன்சக்கரம் ரோட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்க்கப் பழகியபின், பத்து மீட்டர் முன்பே கை பிரேக்குக்குப் போய்விடுகிறது. பையன் இப்போது பின்னால் உட்கார்ந்து எதுவும் சொல்வதில்லை, ஹெல்மெட்டுக்குள் இயர்போன் இருப்பதும் காரணமாக இருக்கலாம்.

சந்தா, விளக்கு, பந்து எல்லாம் நின்றுவிட்டன. பத்து நிமிடச் சோதனை வாரம் ஒருநாள் என்றாகிவிட்டது, அதுவும் தூக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். மற்ற நாள்களில் ஆட்டம் முடிந்தபின் கால் மணி நேரம் கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் அடிப்பதைப் பார்த்து எங்கே விழும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன். என் பக்கம் வரும் ஸ்மாஷில் பாதியாவது இப்போது திரும்பிப் போகிறது.

போன மாதம் ஒரு கல்லூரிப் பையன் புதிதாகச் சேர்ந்தான். அவன் சர்வ் போடும்போது மணிக்கட்டு தொய்வதைப் பார்த்து, நெட்டுக்குப் பக்கத்தில்தான் விழும் என்று முன்னால் பாய்ந்தேன். கடைசி நொடியில் ஒரு சுண்டு சுண்டினான். கார்க் என் தலைக்கு மேலே போய்ப் பின்கோட்டில் விழுந்தது. அடுத்த சர்வும் அப்படியே. மூன்றாவதற்கு நான் நகரவே இல்லை, நெட்டுக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டான். "கையத்தான பாத்தீங்க?" என்று அண்ணன் சிரித்தார். அன்றிலிருந்து அவன் ஆடும் ஆட்டத்தையெல்லாம் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். சுண்டும் சர்வுக்கு முன்னால் அவன் இடது தோள் லேசாக ஏறுகிற மாதிரி தெரிகிறது. நாளைக்கு ஆடிப் பார்க்க வேண்டும்.