புரத நானோ துகள்: ஆல்புமினா, ஜெலட்டினா, பட்டா?

மருந்தைச் சுமக்கப் புரதத் துகள் என்று முடிவானதும் எல்லோரும் கேட்பது, எந்தப் புரதம் என்றுதான். துகள் கலையாமல் இருக்க எதைக் கொண்டு பிணைக்கப் போகிறோம் என்பதை முதலில் கேட்பது நல்லது. பாதித் தேர்வு அதிலேயே முடிந்துவிடும்.

ஜெலட்டின் மலிவு, செய்வதும் சுலபம். அதன் கரைசலில் அசிட்டோனைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால், தெளிவாக இருந்தது மெல்லப் பால் போல் வெளுக்கும், துகள் திரண்டுவிட்டது. சிக்கல் அப்புறம்தான். உடல் சூட்டில் ஜெலட்டின் கரைந்துவிடும் என்பதால் பெரும்பாலும் குளுட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளைச் சேர்த்துப் பிணைக்கிறார்கள். அது செல்களுக்கு நஞ்சு, மிச்சமில்லாமல் நீக்கியாக வேண்டும். உள்ளே இருக்கும் மருந்தே ஒரு புரதம் என்றால் அதையும் சேர்த்துப் பிணைத்துவிடும். ஊசி மருந்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரத்தத்தில் உள்ள புரதமான ஆல்புமினையும் ஆய்வகத்தில் பலர் இப்படியே செய்கிறார்கள். ஆனால் 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புற்றுநோய் மருந்தான அப்ராக்சேனில் குளுட்டரால்டிஹைடு இல்லை. பாக்லிடாக்செல் என்ற மருந்தையும் மனித ஆல்புமினையும் உயர் அழுத்தத்தில் கலக்கி, சுமார் 130 நானோமீட்டர் துகளாக்குகிறார்கள். பழைய பாக்லிடாக்செல் ஊசியில் மருந்தைக் கரைக்கக் கிரிமோஃபோர் என்ற கரைப்பான் வேண்டும். அதனால் வரும் ஒவ்வாமைக்குப் பயந்து முன்கூட்டியே ஸ்டீராய்டு கொடுத்து, வழக்கமாக 3 மணி நேரம் ஏற்றுவார்கள். அப்ராக்சேனுக்கு 30 நிமிடம் போதும். ஒன்று சொல்ல வேண்டும்: ரத்தத்தில் கலந்ததும் இந்தத் துகள் சீக்கிரமே பிரிந்துவிடும். கரைப்பானிலிருந்து விடுதலை என்பதுதான் இதன் பெரிய லாபம்.

மருந்து நாள்கணக்கில் மெதுவாகக் கசிய வேண்டுமா? அப்போது பட்டு இழையின் புரதமான ஃபைப்ராயின். எத்தனாலோ மெத்தனாலோ பட்டால் அதன் சங்கிலிகள் தாமாகவே பீட்டா தகடுகள் எனும் நெருக்கமான அடுக்குகளாக இறுகும். தனியாகப் பிணைப்பான் வேண்டாம். ஆனால் சோடியம் கார்பனேட்டில் கொதிக்கவைத்துச் இழையைச் சுற்றியுள்ள செரிசின் பசையை முதலில் நீக்க வேண்டும். கொதிக்கும் நேரம் கூடினால் சங்கிலி அறுபடும், தொகுதிக்குத் தொகுதி குணம் மாறும்.

உடலில் இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் தனி ரகம். 24 துண்டுகள் சேர்ந்த 12 நானோமீட்டர் கூடு, எல்லாமே ஒரே அளவு. அமிலத்தில் பிரித்து, மருந்து வைத்து, நடுநிலைக்குக் கொண்டுவந்தால் மூடிக்கொள்ளும். உள்ளே 8 நானோமீட்டர் இடம்தான், அமிலம் தாங்காத மருந்துக்கு உதவாது.

மைக்ரோ அளவில் கணக்கே வேறு. நுரையீரல் ஸ்கேனுக்கு, சூட்டில் திரளவைத்த ஆல்புமினில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றிச் செலுத்துகிறார்கள். துகள்கள் பெரும்பாலும் 10 முதல் 90 மைக்ரான். நுண்குழாயில் சிக்கிக்கொள்வது மற்ற துகள்களுக்குக் குறை. இங்கே ரத்தம் எங்கே போகிறது என்று காட்டுவதே அப்படிச் சிக்கிக்கொள்வதுதான்.