நாலு பே டவர் சர்வர்: டிஸ்க்கை மாத்தும் முன் 199-ஐப் பாருங்க

டிஸ்க் சொருகுற பே (அறை) நாலு உள்ள இந்த சர்வர் செகண்ட் ஹேண்டில் இப்போ மலிவா கிடைக்குது, கடலோரக் குளச்சல்ல இருக்கிற கடைக்கு வாங்கலாமான்னு நண்பர் கேட்டதால இது. ப்ராசஸர், மெமரியில குறை இல்ல. பில்லிங்குக்கும் ஃபைல் ஷேரிங்குக்கும் இன்னும் தாராளம். சத்தமும் இல்ல. உயிரை வாங்குறது ஸ்டோரேஜ்தான்.

ரெண்டாவது பேயில உள்ள டிஸ்க் திடீர்னு ரெய்டை (RAID, பல டிஸ்க்கை ஒண்ணா சேர்த்து இயக்குற அமைப்பு) விட்டுக் கழண்டுக்கும். ரீபில்டு (மத்த டிஸ்க்குகளைப் படிச்சு அதுல டேட்டாவைத் திரும்ப நிரப்புறது) போட்டா சேரும். பத்து நாள்ல மறுபடி அதே கதை. சர்வீஸ்ல கேட்டா "டிஸ்க் போச்சு, புதுசு போடுங்க" என்பாங்க. புதுசும் அதே பேயில கழண்டுக்கும்!

முதல்ல ஸ்மார்ட் ரிப்போர்ட் (SMART, டிஸ்க் தன் கோளாறுகளைத் தானே எண்ணி வைக்கிற பட்டியல்) எடுங்க. கெட்ட செக்டர்களை (டிஸ்க்கோட சின்னச் சின்னத் துண்டுகள்) எண்ணுற 5, 197, 198 மூணும் பூஜ்யமா இருந்து, டேட்டா கடத்தும்போது வர்ற பிழைகளை எண்ணுற 199 மட்டும் ஏறினா, டிஸ்க்குக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவுல டேட்டா கெடுது. பெரும்பாலும் கேபிளோ கனெக்டரோதான் குற்றவாளி. 199 எப்பவும் குறையாது. எண்ணைக் குறிச்சு வெச்சு ஒரு வாரம் கழிச்சுப் பாருங்க. 5, 197, 198-ல ஏதாவது ஏறினா டிஸ்க்கைச் சந்தேகப்படலாம்.

முட்டம், குளச்சல் பக்கம் உப்புக்காத்து சும்மா விடாது. கேடியை (caddy, டிஸ்க்கைத் தாங்குற தட்டு) உருவி உள்ளே டார்ச் அடிச்சா, பேக்பிளேன் (டிஸ்க்குகள் சொருகுற பின்பக்க போர்டு) பின்னுல பச்சைக் களிம்பு தெரியும். பேக்கப் எடுத்து, ஆஃப் பண்ணி, பவர் கேபிளை உருவிட்டு, 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில தொட்டுத் துடைங்க. நல்லா காஞ்சதும் டிஸ்க்கை ரெண்டு மூணு தடவை சொருகி எடுத்தா பின் பளிச்சுனு ஆகும். ரேமுக்குத் தேய்க்கிற மாதிரி அழிரப்பர் வேண்டாம். தங்க முலாம் போயிட்டா களிம்பு இன்னும் சீக்கிரம் ஏறும்.

டிஸ்க்ல எழுதுறது மட்டும் திடீர்னு ஆமை வேகமானா, ரெய்டு கார்டு (டிஸ்க்குகளைக் கட்டுப்படுத்துற கன்ட்ரோலர்) பேட்டரியைப் பாருங்க. அது செத்தா கார்டு, கேஷில (cache, கார்டோட தற்காலிக மெமரி) வெச்சு அப்புறமா டிஸ்க்ல எழுதுற ரைட் பேக்கை விட்டு, நேரா டிஸ்க்ல எழுதி முடிக்கிற ரைட் த்ரூவுக்கு இறங்கிடும். வேகத்துக்காக ரைட் பேக்கைக் கட்டாயப்படுத்தினா, ஆடிக்காத்துல கரண்ட் போற நேரம் கேஷில இருந்தது அத்தனையும் காலி.

பேக்கப் இல்லாம ரீபில்டு போடவே போடாதீங்க. 4 டிபி (டெராபைட்) டிஸ்க் நாலு வெச்ச ரெய்டு 5-ல (ஒரு டிஸ்க் போனாலும் தாங்குற ரெய்டு வகை), ஒண்ணு போனா மீதி மூணையும் சேர்த்து 12 டிபி படிக்கணும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் பலதுக்கும் கம்பெனி போடுற கணக்கே 12.5 டிபிக்கு ஒரு படிக்க முடியாத செக்டர் வரலாம் என்கிறதுதான். அது ரீபில்டு நடுவுல வந்தா டேட்டாவுக்கே ஆபத்து.

நல்ல மெஷின். குளச்சலுக்கு வேண்டாம். கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற குலசேகரம் பக்கம்னா வாங்கலாம், அதுவும் நாலு கேடியையும் உருவி டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு.