காதால் ஆடும் கேம்களுக்கு எது தோது: கீபோர்டா, கேம்பேடா, டச் ஸ்கிரீனா?

திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் நம்பி ஆடும் ஆடியோ கேம்களுக்கு என்ன கன்ட்ரோலர் வாங்கலாம் என்று கேட்டால், எந்த கேம் என்பதுதான் என் முதல் கேள்வி. வழக்கமான கன்ட்ரோலர் விமர்சனங்கள் இங்கே பாதிக்கு மேல் உதவாது. விளக்கு எத்தனை நிறத்தில் எரிந்தால் நமக்கென்ன? பட்டன்கள் தடவினால் பிரித்துத் தெரிகின்றனவா, தட்டும் சத்தம் எதிரியின் காலடி ஓசையை அமுக்குகிறதா, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரோடு மல்லுக்கு நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

விண்டோஸுக்கு வந்த ஆடியோ கேம்களில் பெரும்பாலானவை கீபோர்டை வைத்தே எழுதப்பட்டவை. நடக்க அம்புக்குறி விசைகள், சுட ஸ்பேஸ் பார், உயிர் எவ்வளவு மிச்சம், கையில் என்ன ஆயுதம் என்று கேட்க கேள்விக்கொரு எழுத்து. கேம்பேடில் இருக்கும் பதினைந்து, பதினாறு பட்டனுக்குள் இத்தனையும் அடங்காது. எஃப், ஜே விசைகளின் மேடு விரலுக்கு இடம் சொல்லிவிடும். செலவும் குறைவு.

ஆனால் மலிவு கீபோர்டில் ஒரு வில்லங்கம் உண்டு. விசைகளுக்கு அடியில் கம்பித்தடங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போல ஓடுகின்றன. ஒரு கட்டத்தின் மூன்று மூலைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் நான்காவதும் அழுந்தியதாகக் கணக்காகிவிடும். அதைத் தவிர்க்க, பல கீபோர்டுகள் மூன்றாவது விசையையே விழுங்கிவிடும். மேல் அம்பும் இடது அம்பும் பிடித்தபடி ஓடிக்கொண்டே ஸ்பேஸ் தட்டுகிறீர்கள், குண்டு கிளம்பாது. குறி தவறியதா, விசையே போய்ச் சேரவில்லையா? திரை தெரியாதவருக்கு அதைக் கண்டுபிடிப்பதே பெரும் பாடு.

கடையிலேயே சோதிக்க வழியிருக்கிறது. என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் ஓடும் கணினியில் என்விடிஏ விசையுடன் (வழக்கமாக இன்செர்ட்) 1 அழுத்தினால், தொடும் விசையின் பெயரை மட்டும் சொல்லும் உதவி நிலை வரும். இரண்டு அம்புகளையும் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் தட்டுங்கள். 'ஸ்பேஸ்' என்று கேட்காவிட்டால் அந்தக் கீபோர்டை வைத்துவிட்டு வாருங்கள். கிளிக் கிளிக் என்று ஒலிக்கும் ப்ளூ ஸ்விட்ச் மெக்கானிக்கல் கீபோர்டும் வேண்டாம். தட்டச்சுக்கு அருமைதான், பதுங்கி நடக்கும் கேமில் தொல்லை.

ஆடும்போது ஸ்கிரீன் ரீடர் குறுக்கிட்டால், கேமின் விண்டோவில் இருந்தபடி என்விடிஏ, ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தித் தூங்க வைக்கலாம். லேப்டாப் விசை அமைப்பில் எஸ்ஸுக்குப் பதில் இஸட். கேம் தானே பேசினால் மட்டும் இதைச் செய்யுங்கள். என்விடிஏ வழியாகப் பேசும் கேம் இதில் ஊமையாகிவிடும். ஷிப்டை ஐந்து முறை தட்டினால் நடுச்சண்டையில் எட்டிப்பார்க்கும் விண்டோஸின் ஸ்டிக்கி கீஸ் கேள்வியையும் செட்டிங்ஸில் முன்கூட்டியே அணைத்துவிடுங்கள்.

கேம்பேட் ஜெயிக்கும் இடங்கள் வேறு. 2021இல் வந்த கனடாத் தயாரிப்பான 'தி வேல்' கேமில் கேடயம் இடது ஸ்டிக்கில், வாள் வலது ஸ்டிக்கில். இடப்பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டால் கட்டைவிரல் தானாகவே அந்தப் பக்கம் சாய்கிறது. கீபோர்டிலும் ஆடலாம், அந்த ருசி வராது. கார் பந்தயத்திலும் இதே கதை. பார்வையற்றோர் ஒலிக்குறிப்பை வைத்தே ஓட்டும் வசதியோடு 2023இல் வந்த 'ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட்'டில் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மிதிக்க, ஆள்காட்டி விரலால் அழுத்தும் ட்ரிக்கர் வேண்டும். கீபோர்டுக்குத் தெரிந்தது முழு மிதி அல்லது சும்மா இருப்பது, இரண்டே. கேம்பேடின் அதிர்வும் காதின் சுமையைக் குறைக்கும். அடி விழுந்ததைக் கை சொல்லிவிடும்.

பழைய கேம்களோடு எக்ஸ்பாக்ஸ் கேம்பேடை இணைக்கும்போது கவனம் தேவை. டைரக்ட்இன்புட் என்ற பழைய விண்டோஸ் முறையில் எழுதப்பட்ட கேமுக்கு இரண்டு ட்ரிக்கர்களும் ஒரே அளவுகோலின் இரு முனைகளாகத்தான் தெரியும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும்.

டச் ஸ்கிரீனைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிரான்சில் உருவாகி 2015இல் வந்த 'எ பிளைண்ட் லெஜண்ட்' போல, விரலை இழுத்தால் வாள் வீசும் அளவுக்கு எளிமையாக வடிவமைத்த கேம்களுக்குப் போன் போதும், பேருந்தில்கூட ஆடலாம். வழவழக் கண்ணாடியில் பட்டன் வரைந்து வைத்த கேம் என்றால் தொடவே வேண்டாம். ஆண்ட்ராய்டு போனின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கை நிறுத்திவிட்டு ஆடச் சொல்லும் கேம்களில், திரும்பப் போட இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குவழி இயங்குகிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

2018இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரையும் சிலர் விசாரிக்கிறார்கள். இரண்டு பெரிய பட்டன்கள், வெளி ஸ்விட்சுகளைச் செருக 3.5 மி.மீ. துளைகள் 19. விரல் அசைவில் சிரமம் உள்ளவர்களுக்கு நல்ல சாதனம். பார்வை மட்டுமே பிரச்சினை என்றால் அந்தப் பணத்தை ஹெட்போனில் போடலாம்.

அதுவும் ஒயர் உள்ள ஹெட்போன். புளூடூத்தில் ஒலி தாமதமாக வரும். அதன் மைக்கைத் திறந்துவிட்டால் இடம் வலம் கலந்து மோனோ ஆகிவிடக்கூடும், பிறகு எதிரி எந்தப் பக்கம் என்றே தெரியாது. கேம்பேடிலேயே ஹெட்போன் துளை இருக்கிறதே என்று நம்பவும் வேண்டாம். எக்ஸ்பாக்ஸ் கேம்பேடைக் கணினியில் புளூடூத் வழியாக இணைத்தால் அந்தத் துளையில் ஒலி வராது, யூஎஸ்பி ஒயரைச் செருகினால் வரும்.