வெள்ளியா, காந்தமா? ஆறாத புண்ணுக்கு எந்த நானோ துகள்

சுகர் புண் என்றால் என்னவென்று மதுரைப் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் காலில் கட்டோடு பெரியாஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் பிள்ளைகள் இப்போது செல்போனில் படித்துவிட்டுக் கேட்கிறார்கள்: "கிருமியைக் கொல்ற காந்தத் துகள் வந்திருக்காமே, அப்பாவுக்கு அதைப் போடலாமா?" கேட்பதில் தப்பில்லை. ஏற்கெனவே கடையில் இருக்கும் வெள்ளி ஜெல்லோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

வெள்ளி பழைய கை. தீக்காயத்துக்கான சில்வர் சல்ஃபாடையசின் களிம்பு 1968-லேயே வந்துவிட்டது. நானோ வெள்ளியிலிருந்து, அதாவது கண்ணுக்கே தெரியாத அளவு பொடியான வெள்ளித் துகள்களிலிருந்து, அயனிகள் (மின்னேற்றம் கொண்ட வெள்ளி அணுக்கள்) கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கிருமியின் உறையையும் புரதங்களையும் சிதைக்கின்றன. ஒரே நேரத்தில் பல இடங்களில் அடிப்பதால் கிருமி தப்பிப்பது கஷ்டம். ஆனாலும் தப்பியிருக்கிறது: 1975-லேயே பாஸ்டனில் ஒரு தீக்காயப் பிரிவில் வெள்ளிக்கு அடங்காத சால்மொனெல்லா என்ற பாக்டீரியா பதிவானது. இன்னொரு சிக்கல், புதிதாக வளரும் தோல் செல்களையும் வெள்ளி பாதிக்கும். நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேச வழிகாட்டுதல் குழுவும் புண்ணை ஆற்றுவதற்கென்று வெள்ளியைப் பரிந்துரைக்கவில்லை. செத்த சதையை அகற்றுவது, காலுக்கு ரத்தம் போகிறதா என்று பார்ப்பது, சுகரைக் கட்டுக்குள் வைப்பது, நடக்கும்போது புண்ணில் எடை விழாமல் காப்பது, இவையெல்லாம் ஜெல்லுக்கு முன்னால் வர வேண்டியவை.

சரி, காந்தத் துகள்? இது மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு. லேபில் பார்த்தால் மை மாதிரிக் கறுத்த திரவம். குப்பியின் பக்கவாட்டில் காந்தத்தை வைத்தால் கறுப்பெல்லாம் அந்தச் சுவரில் போய் ஒட்டும், தண்ணீர் தெளியும். காந்தத்தை எடுத்துக் குலுக்கினால் பழையபடி கறுத்துவிடும். துகள் சுமார் 20 நானோமீட்டருக்குள் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருந்தால், காந்தத்தை விலக்கியதும் அதன் காந்தத்தன்மையும் போய்விடும். அதனால்தான் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதில்லை.

ஆனால் வெறும் இரும்பு ஆக்சைடு கிருமியைப் பெரிதாகக் கொல்லாது. சொல்லப்போனால் இரும்பு கிருமிக்குத் தீனி. தொற்று வந்தால் நம் உடம்பே இரும்பை ஒளித்து வைக்கிறது. எனவே மேலே வெள்ளி பூசுகிறார்கள், அல்லது ஆன்டிபயாடிக்கை ஏற்றுகிறார்கள். அப்படியானால் காலில் இருக்கும் திறந்த புண்ணுக்கு இதனால் என்ன லாபம்? கையால் தடவ முடிகிற இடத்துக்கு மருந்தை இழுத்துப்போகக் காந்தம் எதற்கு? என் கணக்கில் இங்கே காந்தத்துக்கு வேலை இல்லை.

வேலை இருப்பது உள்ளே. எலும்பு முறிவுக்கு வைத்த பிளேட்டிலோ மாற்று மூட்டிலோ கிருமிகள் படலம் கட்டிக்கொண்டால் ஆன்டிபயாடிக் உள்ளே நுழையத் திணறும். பிளேட்டையே கழற்ற நேரிடுவது இதனால்தான். மாறிமாறித் திசை மாறும் காந்தப் புலத்தில் இந்தத் துகள்கள் சூடாகின்றன. அந்தச் சூட்டில் படலம் தளர்ந்தால் மருந்துக்கு வழி கிடைக்கும். இது வெள்ளி ஜெல்லால் ஆகாத காரியம், அதனாலேயே எனக்கு இதில் நம்பிக்கை. தடைகளும் உண்டு: துகளைப் பிளேட்டருகே கொண்டுவர வேண்டிய காந்த இழுப்பு தூரம் கூடக்கூடச் சட்டென்று குறையும், அதே புலத்தில் பிளேட்டும் சூடேறும், 45 டிகிரியைத் தாண்டினால் நம் சதையும் வேகத் தொடங்கும்.

பாதுகாப்பில் இரும்பு ஒரு படி மேல். கல்லீரலும் மண்ணீரலும் துகளைச் சிதைத்து உடம்பின் இரும்புக் கணக்கில் சேர்த்துவிடும். 2009-லேயே அமெரிக்காவில் சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு இரும்பு ஆக்சைடு ஊசிக்கு ஒப்புதல் கிடைத்தது. வெள்ளியை உடம்பு அப்படிப் பயன்படுத்திக்கொள்ளாது. அளவு மீறினால் தோலில் தங்கி நீலச் சாம்பல் நிறமாக்கிவிடும்.

கிருமியைக் கொல்லும் காந்தத் துகளை இன்றைக்கு எந்த மருந்துக் கடையிலும் கேட்டு வாங்க முடியாது, அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. யாராவது விற்றால் வாங்காதீர்கள். பிளேட் வைத்த இடத்தில் சீழ் வந்தால் ஜெல் தடவிப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போங்கள். ஆன்டிபயாடிக் தொடங்குமுன் கல்ச்சர் (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.