கேஜுக்குள் என்ன ஊற்றுவது: கிளிசரினா, சிலிகோன் எண்ணெயா, எதுவும் வேண்டாமா?

எரிபொருள் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் மேலேயே திருகி வைக்கும் ஒன்றரை அங்குலத் திரவ கேஜ், அதாவது திரவம் நிரப்பிய அழுத்தமானி, எஞ்சின் சூட்டில் சில வருடம் கிடந்தாலே பாதி காலியாகிவிடும். இல்லையென்றால் உள்ளிருக்கும் திரவம் பழுத்து மஞ்சளாகி, எண் தெரியாமல் போகும். உடனே எல்லோரும் தேடுவது ஊற்ற வேண்டிய திரவத்தைத்தான். ஆனால் எந்தத் திரவம் என்பதைவிட, அந்த கேஜ் எவ்வளவு அழுத்தத்தை அளக்கிறது, அதன் பெட்டி மூச்சுவிடுகிறதா (உள்ளே காற்று போய்வர வழி இருக்கிறதா) என்பவைதான் விடையைத் தீர்மானிக்கின்றன.

திரவம் அங்கே செய்யும் வேலை எளியது. கேஜுக்குள் வளைந்த போர்டன் குழாய் ஒன்று இருக்கிறது. அழுத்தம் ஏறும்போது அது சற்றே நிமிரும். அந்த அசைவைச் சிறு பற்சக்கரங்கள் முள்ளுக்குக் கொண்டுபோகும். எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினின் அதிர்வில் அந்தப் பற்கள் தேயும், முள் நடுங்கும். கெட்டியான திரவம் சுற்றி இருந்தால் நடுக்கம் அடங்கும், பற்களுக்கு மசகும் கிடைக்கும்.

இதற்குக் கொடுக்கும் விலை, பெட்டியை மூடி அடைக்க வேண்டியிருப்பது. போர்டன் குழாய் காட்டுவது தன் உள்ளே உள்ள அழுத்தத்துக்கும் வெளியே, அதாவது பெட்டிக்குள், உள்ள அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே. பெட்டிக்குள் அழுத்தம் ஏறினால், அதே அளவு கேஜ் குறைத்துக் காட்டும்.

எவ்வளவு குறையும்? பெட்டியின் கொள்ளளவு 20 மில்லி, அதில் திரவம் 18, மேலே காற்று 2 மில்லி என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரி செல்சியஸில் அடைத்த பெட்டி, பானெட்டுக்கு அடியில் 80 டிகிரிக்குப் போகிறது. கிளிசரின் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.05 சதவீதம் விரியும். 50 டிகிரிக்கு 0.45 மில்லி. காற்றுக் குமிழி 1.55 மில்லியாக நசுங்குகிறது, அதுவும் சூடாகிறது. பெட்டி அழுத்தம் ஏறக்குறைய 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) கூடிவிடும். சிலிகோன் எண்ணெய் ஒரு டிகிரிக்கு 0.096 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரிவது. அதே கணக்கில் 15 பிஎஸ்ஐ வரும். கண்ணாடி சற்று உப்பும், அடைப்பான் சற்றுக் கசியும் என்பதால் நிஜத்தில் இவ்வளவு ஏறாது. ஆனாலும் பிழை எந்தப் பக்கம் போகும், எது மோசம் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. "விலை கூடியது, அதனால் சிலிகோன்தான் சரி" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஊசிவழி (இன்ஜெக்டரில்) எரிபொருள் செலுத்தும், ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வகை வி8 எஞ்சினில் அழுத்தம் 58 பிஎஸ்ஐ. மூன்று நான்கு குறைத்துக் காட்டினாலும் பெரிய தவறில்லை. ஹோலி நிறுவனத்தின் நான்கு குழல் கார்புரேட்டரிலோ மொத்தமே 6 அல்லது 7 பிஎஸ்ஐதான். அங்கே அதே பிழை வந்தால் முள் பூஜ்யத்தை நோக்கிச் சரியும். பம்ப் போய்விட்டது என்று நினைத்து ரெகுலேட்டரை முறுக்கி ஏற்றுவார்கள். உண்மை அழுத்தம் ஏறி, பெட்ரோல் வரவை அடைக்கும் மிதவை ஊசி அதைத் தாங்காமல், பெட்ரோல் கார்புரேட்டரை மீறி வழியும். சூடான எஞ்சின் மேல் வழியும் பெட்ரோல் தீ விபத்துக்கு நேர்வழி. அதனால் சூட்டில் முள் இறங்கினால் ரெகுலேட்டரைத் தொடாதீர்கள். கேஜின் ரப்பர் அடைப்பானின் ஓரத்தை மட்டும் லேசாகத் தூக்குங்கள். காற்று வெளியேறி முள் பழைய இடத்துக்கு ஏறினால், பம்பில் குறையில்லை.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கிளிசரின் மலிவு; மருந்துக் கடையில் கிடைக்கும் ஐ.பி. (இந்திய மருந்துத் தர நூல்) தரமே போதும். வாசனையோ பன்னீரோ கலந்ததை வாங்க வேண்டாம். தண்ணீரில் கரைவதால் கழுவுவது சுலபம். குறை, சூட்டில் அதன் கெட்டித்தன்மை சரசரவென்று இறங்குவது: 20 டிகிரியில் சுமார் 1400 சென்டிபாய்ஸ் (கெட்டித்தன்மையின் அலகு), 60 டிகிரியில் 80, 100 டிகிரியில் 15 அளவுக்கு வந்துவிடும். குளிரில் நேர்மாறாக, முள் தேன் கெட்டிக்குள் நகர்வதுபோல மெதுவாக ஏறும். காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். வெயிலும் சூடும் பட்டு மஞ்சளாவதும் இதுதான்.

ஆலையிலிருந்து வரும் பல கேஜ்களில் சுத்தக் கிளிசரினுக்குப் பதிலாக, 86 பங்குக்கு 14 பங்கு தண்ணீர் சேர்த்த கலவை இருக்கும். குளிர் நாட்டுக்கு அது பொருத்தம், உறையாது. சூடான எஞ்சின் அறைக்கு எங்கள் தேர்வு சுத்தக் கிளிசரின்தான். தண்ணீர் இருந்தால் நீராவியும் சேர்ந்து பெட்டி அழுத்தத்தை ஏற்றும்.

சிலிகோன் எண்ணெய் மஞ்சளாகாது, ஈரம் இழுக்காது. 25 டிகிரியில் 350 சென்டிஸ்டோக் (இதுவும் கெட்டித்தன்மையின் ஓர் அலகு) உள்ளது 100 டிகிரியிலும் சுமார் 100க்குக் குறையாது. அதாவது முள்ளின் நடுக்கத்தைச் சூட்டிலும் அடக்குகிறது. டர்போ அருகே, எக்ஸாஸ்ட் பக்கம் உள்ள கேஜுக்கு இதுவே மேல், ஆனால் இரண்டு நிபந்தனைகளோடு: காற்று இடம் கால் பங்காவது விட வேண்டும், பெட்டிக்கு மூச்சுத் துளை இருக்க வேண்டும். அடைப்பான் சிலிகோன் ரப்பராக இருந்தால் இந்த எண்ணெயில் ஊறி உப்பிவிடும்; நைட்ரைல் ரப்பராக மாற்றுங்கள். பெயின்ட் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இதைத் திறக்கவே கூடாது. ஒரு துளி பரவினாலும் புதுப் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் வட்டம் வட்டமாக விலகும்.

குழந்தைகளுக்குத் தேய்க்கும் மினரல் எண்ணெயையும் சிலர் ஊற்றுகிறார்கள். பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் மிக நீர்த்தது. நடுக்கத்தை அடக்காத திரவத்தை ஊற்றி என்ன பயன்?

எதையும் ஊற்றாமல் உலர் கேஜ் வைப்பதும் நல்ல வழிதான். கேஜின் திருகுத் தண்டுக்குள் மிக நுண்ணிய துளையுள்ள ஸ்னப்பர் ஒன்றைத் திருகினால் பம்பின் துடிப்பு அடங்கும். பெட்டி திறந்திருப்பதால் சூட்டுப் பிழையும் இல்லை. ஆனால் எஞ்சினின் உடல் அதிர்வை ஸ்னப்பர் தடுக்காது. அதனால் கேஜை எஞ்சினில் வைக்காமல் எஞ்சின் அறைக்கும் ஓட்டுநர் அறைக்கும் நடுவே உள்ள தடுப்பான ஃபயர்வாலுக்கு நகர்த்தி, பின்னல் குழாயில் இணைக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறோம். ஓட்டும்போதே பார்க்க வேண்டும் என்றால் 0.5 முதல் 4.5 வோல்ட் தரும் மின் சென்சார்தான் வழி. பெட்ரோல் குழாய் ஓட்டுநர் அறைக்குள் வரவே கூடாது.

நிரப்புவதற்கு முன் ஒரு சோதனை. கேஜைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தாலோ, திரவம் குறைவதற்குப் பதில் ஏறியிருந்தாலோ, போர்டன் குழாய் வெடித்துவிட்டது. அதை நிரப்பாமல் தூக்கிப் போடுங்கள். நிரப்பு அடைப்பானே இல்லாமல் விளிம்பை மடித்து அடைத்த கேஜையும் விட்டுவிடுங்கள். துளையிட்டால் உலோகத் துகள் பற்சக்கரத்தில் சிக்கும்.

மற்றவற்றைக் கழற்றலாம். எஞ்சின் ஆறியபின் பம்பின் ரிலேயைப் பிடுங்கி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டி அழுத்தத்தை இறக்குங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். துணியைச் சுற்றி, தண்டில் உள்ள சதுரத்தில் ஸ்பேனர் போட்டுத் திருப்புங்கள். பெட்டியைப் பிடித்துத் திருகினால் உள்ளே குழாய் முறுகி, முள் பூஜ்யம் மாறும்.

பழைய கிளிசரினை வடித்து, வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரால் மூன்று நான்கு முறை அலசி, ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். பிரேக் கிளீனரும் அசிட்டோனும் பிளாஸ்டிக் முகப்பில் விரிசல் கோடு போடும். பழையது சிலிகோன் என்றால் சிலிகோனையே திரும்ப ஊற்றுங்கள். அது தண்ணீரில் போகாது, மிச்சம் கிளிசரினோடு கலக்காமல் டயலில் மணி மணியாக ஒட்டி நிற்கும்.

கிளிசரின் பாட்டிலை 50 டிகிரி நீரில் வைத்து இளக்கி, 20 மில்லி சிரிஞ்சில் மழுங்கிய தடித்த ஊசியோடு எடுங்கள். கேஜைச் சாய்த்துப் பிடித்து, சுவரோரமாக மெல்ல விடுங்கள். ஒன்றரை அங்குல கேஜுக்கு 15 மில்லிக்கு மேல் அதிகம் பிடிக்காது. முழுக்க நிரப்பாதீர்கள். 80 முதல் 85 சதவீதம் போதும், முள்ளின் அச்சு நன்றாக மூழ்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். குமிழிகள் மேலே வர ஓரிரவு விடுங்கள்.

அடைப்பானைச் சூடாக இருக்கும்போதே போட்டுவிடுவதுதான் பலர் செய்யும் பிழை. ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, முள் பூஜ்யத்துக்கு மேலேயே நிற்கும். அறை வெப்பநிலைக்கு வந்தபின் அடையுங்கள். அடைப்பானில் சிறு முலை இருந்தால், கேஜை நேராக, அடைப்பான் மேலே இருக்கும்படி மாட்டியபின் அதன் நுனியை நறுக்குங்கள். பெட்டி மூச்சுவிட அதுதான் வழி. கேஜ் படுக்கையாக இருக்கும் ரெகுலேட்டரில் இதைச் செய்தால் திரவம் வடிந்துவிடும். அங்கே நறுக்காமல், எஞ்சின் ஆறிய பிறகு அவ்வப்போது ஓரம் தூக்கிச் சமப்படுத்துங்கள்.

எட்டில் ஒரு அங்குல என்பிடி (நுனி நோக்கிக் குறுகும் குழாய்ப் புரி) திருகுக்குப் பெட்ரோல் தாங்கும் திரவ சீலன்ட் பூசுங்கள். டெஃப்லான் டேப்தான் கையில் இருந்தால் முதல் புரியை விட்டுச் சுற்றுங்கள்; அதன் கிழிசல் இன்ஜெக்டரை அடைக்கும். கையால் இறுகியபின் ஸ்பேனரால் ஒன்றரைச் சுற்று. ரிலேயைப் போட்டு, பேட்டரியை மீண்டும் இணைத்து, சாவியை மட்டும் திருப்பிப் பம்பை ஓடவிட்டு, மூட்டில் ஈரம் தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே எஞ்சினைக் கிளப்புங்கள்.